ஆய்வக எலிகளின் நலனை ஒரு மாணவரால் மேம்படுத்த முடியுமா?

நீங்கள் கேட்டதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன, சுண்டெலிகளோடு வேலை. நெறிமுறைக் குழுவின் அனுமதி, படிவங்கள், கையெழுத்துகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆனாலும் அந்த விலங்குகள் படும் பாடு உங்களை உறுத்துகிறது. கூண்டுக்குள் கூடு கட்ட ஏதாவது வைக்கலாமா என்று கேட்டதற்கு, 'அதெல்லாம் வைத்தால் தரவு கெட்டுவிடும்' என்று மூத்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரியா, உங்கள் அளவில் செய்ய ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விலங்குகளை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்று நீங்கள் கேட்கவில்லை. அது பெரிய கேள்விதான், ஆனால் அது முடிவாகும் வரை இன்றைக்குக் கூண்டில் இருக்கும் எலி காத்திருக்க முடியாது. அதனால் நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நான் ஆய்வக விலங்குகளுக்கான கால்நடை மருத்துவர். பெரும்பாலும் சுண்டெலி, எலி, முயல் ஆகியவற்றோடுதான் என் வேலை. மீன்கள், குரங்குகள் பற்றிப் படித்ததோடு சரி, அன்றாட அனுபவம் குறைவு. ஆகவே கீழே சொல்வதைக் கொறித்துண்ணிகளைப் பற்றியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சுண்டெலிக்கு ஊசி போடுவதோ, இரத்தம் எடுப்பதோ, ஒரு நடத்தைச் சோதனை செய்வதோ ஒரு நாளில் சில நிமிடங்கள்தான். மிச்சமிருக்கும் நேரம் முழுவதும் அது கூண்டில் இருக்கிறது. நெறிமுறைக் குழுவின் படிவம் அந்தச் சில நிமிடங்களைத்தான் துருவித் துருவிக் கேட்கும். கூண்டில் கழியும் நேரத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினால் போதும் என்று விட்டுவிடும். நான் பார்த்த வரையில், தேவையே இல்லாத துன்பத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதைக் குறைக்கப் பெரிய பணமோ புதிய சட்டமோ வேண்டியதில்லை, பழக்கம் மாறினால் போதும். உங்களைப் போன்ற ஒரு மாணவரால் நிறையச் செய்ய முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுதான்.

எதில் தொடங்குவது என்றால், தூக்குவதில் தொடங்குங்கள். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் பெரும்பாலான இடங்களில் கற்றுத்தரப்படுகிறது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010-இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. வாலைப் பிடித்துத் தூக்கிய எலிகள் மனிதக் கையைக் கண்டால் விலகின, பதற்றத்தை அளக்கும் சோதனைகளில் அதிகப் பதற்றம் காட்டின. குழாய்க்குள் நுழையவிட்டோ, இரு கைகளையும் குவித்து அதில் ஏந்தியோ தூக்கிய எலிகள் தாமாகவே கையை நெருங்கி வந்தன. அதன் பிறகு வேறு குழுக்களும் இதையே பார்த்திருக்கின்றன. இத்துறையில் 'இது நிச்சயம்' என்று நான் தயங்காமல் சொல்லக்கூடிய சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

செய்வது எளிது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கூண்டிலேயே போட்டுவையுங்கள். எலி அதை முகர்ந்து, உள்ளே போய்வந்து, தன்னுடையது என்று ஆக்கிக்கொள்ளும். தூக்க வேண்டிய நேரத்தில் குழாயைக் கூண்டின் ஓரமாக வைத்து, மறு கையை எலியின் பின்னால் மெதுவாகக் கொண்டுவந்தால் அது குழாய்க்குள் போய்விடும். இரு முனைகளையும் லேசாக மறைத்துக்கொண்டு தூக்குங்கள். இறக்கும்போது குழாயைச் சற்றுச் சாய்த்தால் பின்புறமாக இறங்கிவிடும். 'நூற்றுக்கணக்கான கூண்டுகள் இருக்கின்றன, நேரம் எங்கே?' என்று கேட்பார்கள். கூண்டு மாற்றும்போது ஓரிரு வினாடி இப்படித் தூக்கினாலே பலன் தெரிகிறது, கழுத்துத் தோலைப் பிடித்து ஊசி போட்ட பிறகும் அந்தப் பலன் நிற்கிறது என்று ஹர்ஸ்ட்டின் குழு பின்னர் காட்டியிருக்கிறது. கை பழகிவிட்டால் வால் பிடிப்பதற்கும் இதற்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

அப்புறம் வெப்பம். எலிகளை வைத்திருக்கும் அறைகள் பொதுவாக 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை வைக்கப்படுகின்றன. அது சட்டையும் மேலங்கியும் போட்டு வேலை செய்யும் மனிதர்களுக்கு வசதியான வெப்பநிலை. சுண்டெலியின் உடல் கூடுதல் ஆற்றல் செலவழிக்காமல் சூட்டைக் காத்துக்கொள்வது ஏறக்குறைய 30 டிகிரியில். அதாவது வெறும் மரத்தூள் பரப்பிய கூண்டில் இருக்கும் எலி எந்நேரமும் லேசான குளிரில் இருக்கிறது. இது நலனோடு நிற்கும் விஷயமும் இல்லை. அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், வழக்கமான அறை வெப்பத்தில் இருந்த எலிகளைவிட 30 டிகிரியில் இருந்த எலிகளில் கட்டிகள் மெதுவாக வளர்ந்தன, கட்டிக்கு எதிரான நோய் எதிர்ப்பும் கூடியிருந்தது. குளிரில் இருப்பதும் ஒரு பரிசோதனை நிலைதான். யாரும் அதைத் தம் கட்டுரையில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

அறையின் வெப்பத்தை உயர்த்துங்கள் என்று நான் சொல்லவரவில்லை. உள்ளே வேலை செய்பவர்கள் தவித்துப்போவார்கள், எலிகளும் ஓய்வு நேரத்தில் ஒரு வெப்பத்தையும் சுறுசுறுப்பாக இருக்கும்போது வேறொரு வெப்பத்தையும் நாடுகின்றன. கூடு கட்டப் பொருள் கொடுத்தால் போதும், வேண்டிய சூட்டை எலியே அமைத்துக்கொள்ளும். எவ்வளவு வேண்டும் என்றால், ஆய்வக எலிகளின் நலனை ஆராயும் பிரியானா காஸ்கில்லின் ஆய்வுகள் காட்டுவது ஒரு கூண்டுக்கு 6 முதல் 10 கிராம் வரை. பல இடங்களில் பேருக்கு ஒரு சின்னப் பஞ்சுச் சதுரத்தைப் போட்டுவிட்டு 'கூட்டுப்பொருள் கொடுத்தாயிற்று' என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். அது போதாது. நீளமான காகித இழைகளைக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். நலமாக இருக்கும் எலி அவற்றை இழுத்து, பின்னி, மேலே மூடிய குமிழ்போல ஒரு கூட்டைக் கட்டியிருக்கும். நடுவில் உள்ள குழியில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கும். அதே எலி அறுவைக்குப் பிறகு இழைகளைத் தொடாமல் விட்டிருந்தால், அல்லது தட்டையாகக் கலைத்துப் போட்டிருந்தால், ஏதோ சரியில்லை என்று பொருள். கூண்டைத் திறக்காமலேயே கிடைக்கும் நோய்க்குறி இது. நான் காலையில் அறைக்குள் நுழைந்தால் முதலில் கூட்டைத்தான் பார்ப்பேன், எலியை அப்புறம்தான்.

சரி, உங்கள் மூத்தவர் சொன்ன 'தரவு கெட்டுவிடும்' என்ற விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. கூண்டில் பொருள்கள் கூடினால் எலிக்கு எலி வித்தியாசமும் கூடும், முடிவுகள் சிதறும் என்பதுதான் அவர் பயம். இதை வோல்ஃபர், வூர்பெல் முதலியோர் சோதித்து 2004-இல் நேச்சரில் வெளியிட்டார்கள். கூட்டுப்பொருள், குடில் போன்றவற்றை வைத்துச் செறிவூட்டிய கூண்டுகளில் வளர்ந்த எலிகளின் நடத்தைத் தரவில் சிதறல் கூடவில்லை, வெவ்வேறு ஆய்வகங்களில் கிடைத்த முடிவுகளும் முரண்படவில்லை. இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் முடிவும் ஒரே மாதிரி வரும் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டிருக்கிறது. கிராப், வால்ஸ்டன், டூடெக் ஆகியோர் 1999-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. மூன்று ஆய்வகங்கள், ஒரே மரபு வகைகள், ஒரே கருவிகள், ஒரே நாள் அட்டவணை. இருந்தும் சில சோதனைகளில் முடிவுகள் இடத்துக்கு இடம் மாறின. வெறுமையான கூண்டு தரவைத் தூய்மைப்படுத்தும் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. குளிரிலும் சலிப்பிலும் இருந்து, கம்பியை ஓயாமல் கடிக்கும் ஒரு விலங்கின் மூளையைத்தான் நாம் 'இயல்பான கட்டுப்பாட்டு நிலை' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அவர் சொல்வதில் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியவையும் உண்டு. நடந்துகொண்டிருக்கும் ஆய்வின் நடுவில் கூண்டு அமைப்பை மாற்றக் கூடாது, அது உண்மையிலேயே தரவைக் குழப்பும். புதிய தொகுதி தொடங்கும்போது எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மாதிரி மாற்றி, கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எழுதுங்கள். அப்புறம், நல்லெண்ணத்தோடு வைக்கும் எல்லாமே நல்லது செய்வதில்லை. சில மரபு வகைகளின் ஆண் எலிகள், ஒரே வாசல் கொண்ட குடில் ஒன்றை வைத்தால் அதைக் காக்கச் சண்டையிட்டு ஒன்றையொன்று முதுகிலும் வாலடியிலும் கடித்துக் குதறிவிடும். எந்த வகை, எந்த வயது, எந்தப் பொருள் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. என்னால் பொதுவிதி தர முடியாது. முதலில் இரண்டு கூண்டில் வைத்துப் பார்த்து, காயம் இருக்கிறதா என்று தினமும் கவனித்து, அப்புறம் பரப்புங்கள். ஆண் எலிகளின் சண்டையைக் குறைக்க ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய வழி ஒன்று உண்டு. கூண்டு மாற்றும்போது பழைய கூட்டில் ஒரு பகுதியைப் புதிய கூண்டுக்கு எடுத்துப்போங்கள், சிறுநீர் தோய்ந்த மரத்தூளை எடுத்துப்போகாதீர்கள். முன்னது சண்டையைத் தணிக்கிறது, பின்னது தூண்டுகிறது.

ஒலி, வாசனை பற்றிச் சுருக்கமாக. சுண்டெலிக்கு நம் காதுக்கு எட்டாத மீயொலி நன்றாகக் கேட்கும். சில கணினித் திரைகளும் ஒழுகும் குழாய்களும் மின்கருவிகளும் நமக்குத் தெரியாமல் அந்த ஒலியை எழுப்புகின்றன. மீயொலி உணரி ஒன்றை இரவல் வாங்கி ஒரு முறை அறையைச் சுற்றிவாருங்கள். வாசனையைப் பொறுத்தவரை, மெக்கில் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், ஆண்கள் அணிந்த சட்டையை அருகில் வைத்தாலே எலிகளுக்கு மன அழுத்தம் ஏற்பட்டு வலி உணர்வு மங்கியது. நேரம் ஆக ஆக அந்த விளைவு குறைந்தது. அதனால் அறைக்குள் நுழைந்ததும் சோதனையைத் தொடங்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் தொடங்குங்கள். யார் சோதித்தார்கள் என்பதையும் பதிவு செய்யுங்கள்.

வலிக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம். சுண்டெலி இரையாகும் விலங்கு. ஆள் பார்க்கும்போது வலியைக் காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. அறுவை முடிந்த எலி நாம் கூண்டைத் திறந்ததும் துள்ளி ஓடும். 'பாருங்கள், நன்றாக இருக்கிறது' என்று எழுதிவிட்டு மூடிவிடுவார்கள். மூடியைத் திறக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று சில நிமிடங்கள் பாருங்கள், முடிந்தால் ஒரு சின்னக் கேமராவை வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். வலி ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி மோகிலின் குழு 2010-இல் வெளியிட்ட முகச்சுளிப்பு அளவுகோல் ஐந்து குறிகளைப் பார்க்கச் சொல்கிறது: கண் இடுங்குதல், மூக்கு மேடாதல், கன்னம் புடைத்தல், காது பின்னோக்கித் திரும்புதல், மீசை மயிர் நிலை மாறுதல். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். படங்களோடு ஒரு மதியம் பயிற்சி எடுத்தால் கண் பழகிவிடும். இதற்கு வரம்பும் உண்டு. அறுவைக்குப் பிந்தைய வலி போன்ற குறுகிய கால வலிக்கு இது நன்றாக வேலை செய்கிறது. நாள்பட்ட வலியில் முகம் அவ்வளவு காட்டுவதில்லை. மயக்க மருந்து தெளிந்த சற்று நேரத்துக்கு, மருந்தின் விளைவாலேயே முகம் மாறித் தெரியலாம்.

வலி நிவாரணி கொடுத்தால் முடிவு மாறிவிடும் என்ற வாதத்தையும் நீங்கள் கேட்பீர்கள். மாறலாம்தான். ஆனால் தணிக்காத வலியும் முடிவை மாற்றும், அழுத்த ஹார்மோன், உணவு, உறக்கம், நோய் எதிர்ப்பு எல்லாவற்றையும் தொடும். அழற்சியைப் பற்றிய ஆய்வில் மெலாக்சிகாம் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்து உண்மையாகவே இடைஞ்சல், அங்கே புப்ரினார்ஃபின் (ஓபியாய்டு வகை வலி நிவாரணி) போன்ற வேறு வகையையோ, வெட்டும் இடத்தில் போடும் உள்ளூர் மரப்பு மருந்தையோ பார்க்க வேண்டும். 'எந்த மருந்தும் கொடுக்க முடியாது' என்ற முடிவுக்கு வருவதற்கு முன்னால் உங்கள் விலங்குக் கூடத்தின் மருத்துவரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். மருந்தை வெட்டுவதற்கு முன்பே கொடுங்கள். சாதாரண புப்ரினார்ஃபின் சுண்டெலியில் சில மணி நேரமே தாங்கும், மாலையில் ஒரு ஊசி போட்டுவிட்டுக் காலை வரை விட்டுவிட்டால் இரவு முழுவதும் வலிதான். அளவு, இடைவெளி இரண்டையும் நான் இங்கே எண்ணாகச் சொல்லமாட்டேன், மரபு வகையையும் அறுவையையும் பொறுத்து அது மாறும். அப்புறம், அறுவைக்கு முந்தைய இரவு சுண்டெலியைப் பட்டினி போடாதீர்கள். அதற்கு வாந்தி எடுக்கவே முடியாது, மனிதர்களுக்கான காரணம் இங்கே பொருந்தாது. பட்டினியில் அதன் சின்ன உடலின் சர்க்கரை இருப்புதான் கரைந்துபோகும். மயக்கத்தில் இருக்கும்போது கீழே மிதமான சூடு, கண்ணுக்குக் களிம்பு, எழுந்த பிறகு தரையிலேயே ஈரமான உணவு. ஒவ்வொரு எலிக்கும் புதிய ஊசி. ஒரு தடவை தோலைத் துளைத்த முனை மழுங்கிவிடுகிறது, அடுத்த எலிக்கு அது கூடுதல் வலி.

எப்போது நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். உடல் எடையில் 20 சதவீதம் குறைந்தால் நிறுத்துவது என்பது பரவலாக இருக்கும் வரையறை. கட்டி வளரும் ஆய்வுகளில் அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். எலி மெலிந்துகொண்டே போகும், கட்டியின் எடை அந்த இழப்பை ஈடுகட்டித் தராசில் ஒன்றும் தெரியாமல் செய்துவிடும். இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் மீது விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நலமான எலியில் எலும்புகள் லேசாகத்தான் தட்டுப்படும், மெலிந்த எலியில் ஒவ்வொரு கணுவையும் எண்ணிவிடலாம். இதை 1 முதல் 5 வரை மதிப்பிடும் முறை இருக்கிறது, கற்றுக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும்.

உயிரை முடிக்கும் முறையில் எனக்கு முழு மனநிறைவு தரும் பதில் இல்லை. கார்பன் டை ஆக்சைடு பரவலாகப் பயன்படுகிறது. நினைவு தப்புவதற்கு முன்பே எலிகள் அதை வெறுத்து விலகுகின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் என்ற வேகத்தில் வாயுவைச் செலுத்தச் சொல்கிறது, முந்தைய 2013 பதிப்பில் இது 10 முதல் 30 சதவீதமாக இருந்தது. முதலில் ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க மருந்தை முகரக் கொடுத்து மயங்கவைப்பது மேல் என்பது என் கருத்து, ஆனால் அதையும் எலிகள் விரும்புவதில்லை, அதிலும் முன்பு ஒருமுறை முகர்ந்திருந்தால் வெறுப்பு கூடுகிறது. எதைச் செய்தாலும் அவை பழகிய கூண்டிலேயே, கூட்டாளிகளோடு இருக்கும்போதே செய்யுங்கள்.

ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-இல் முன்வைத்த மாற்று (விலங்குக்குப் பதில் வேறு வழி), குறைப்பு (குறைவான விலங்குகள்), மேம்பாடு (குறைவான துன்பம்) என்ற மூன்றில் இதுவரை நான் பேசியது மூன்றாவதைத்தான். முதல் இரண்டு உங்கள் ஆய்வு வடிவமைப்பைச் சார்ந்தவை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். விலங்குகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்காமல், எந்தக் குழு என்று தெரிந்துகொண்டே அளந்து, பிறகு நம்ப முடியாத முடிவோடு மூட்டைகட்டிவைக்கும் ஆய்வில் ஒவ்வொரு விலங்கும் வீண். தேவைக்கும் குறைவாக எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். விலங்கு ஆய்வுகளை எப்படி எழுதி வெளியிட வேண்டும் என்று சொல்லும் அரைவ் (ARRIVE) வழிகாட்டுதலின் 2020 பதிப்பை எலிகளை வாங்குவதற்கு முன்பே படியுங்கள். கட்டுரை எழுதும்போது படித்தால் காலம் கடந்திருக்கும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது குறைந்தபட்சம்தான், அதுவும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு ஆணை கணவாய், ஆக்டோபஸ் வகைகளைக்கூடக் காக்கிறது. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டமோ ஆய்வுக்கென்று வளர்க்கப்படும் சுண்டெலிகளையும் எலிகளையும் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது, அரசு நிதி பெறும் ஆய்வுகளுக்கு வேறு விதிகள் உண்டு. ஆக, 'அனுமதி இருக்கிறது' என்பதை 'நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்' என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசியாக, எங்கே தொடங்குவது. பேராசிரியரிடம் போவதற்கு முன்னால் கூண்டுகளைப் பராமரிப்பவரிடம் போங்கள். எந்தக் கூண்டில் சண்டை, எந்த எலி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும், யாரும் அவரிடம் கேட்பதில்லை. தினம் தினம் தான் வளர்த்த விலங்குகளின் முடிவைப் பார்ப்பவரும் அவர்தான். அந்தப் பாரத்தைப் பற்றி அவரோடு பேச ஆள் இருந்தால் அதுவும் விலங்குகளுக்கு நல்லது. அவரோடு சேர்ந்து குழாய், கூட்டுப்பொருள் இரண்டையும் அடுத்த தொகுதியில் முயன்று பாருங்கள். எடை, காயம், கூட்டின் நிலை மூன்றையும் குறித்துவைத்துக்கொண்டு மருத்துவரையும், அதன் பிறகு பேராசிரியரையும் பாருங்கள். உங்கள் கூண்டுகளிலேயே சேகரித்த தரவைக் காட்டிப் பேசினால் கேட்பார்கள். வலி நிவாரணியிலோ நிறுத்தும் வரையறையிலோ மாற்றம் என்றால் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போட வேண்டியிருக்கும், அதை எழுதித்தர மருத்துவரையே கேளுங்கள். அதற்குக் காத்திருக்க வேண்டாத ஒரு வேலை இருக்கிறது, அதை இந்த வாரமே செய்துவிடுங்கள். உங்கள் ஒவ்வொரு கூண்டின் அட்டையிலும், விடுமுறை நாளிலும் எடுக்கக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண்ணையும், அவர் கிடைக்காவிட்டால் மருத்துவர் தாமே முடிவெடுக்கலாம் என்ற ஒரு வரியையும் எழுதிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை துடித்துக்கொண்டிருக்கும் எலி திங்கட்கிழமை வரை அப்படியே கிடப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரி இல்லாததால்தான்.